இஸ்மிரில் இறங்கினால் சிமிர்னாவைத் தாண்டிப் போய்விடாதீர்கள்

ஏழு சபைகளைப் பார்க்கத் துருக்கி போகிற நம்மவர்கள் பலர் இஸ்மிர் விமான நிலையத்தில் இறங்கியதும் நேராக எபேசுவுக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். எபேசு பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் இந்த இஸ்மிர்தான் வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் ஆண்டவர் கடிதம் எழுதும் ஏழு சபைகளில் ஒன்றான சிமிர்னா. ஏழு சபைகளில் ஆண்டவர் ஒரு குறையும் சொல்லாதவை சிமிர்னாவும் பிலதெல்பியாவும் மட்டுமே, அந்த மண்ணில் ஜெபிக்காமல் கடந்துபோக எனக்கு மனசு வரவில்லை.

முதல் சிமிர்னா இருந்தது இன்றைய பைராக்லி பகுதியில். கி.மு. 600 வாக்கில் லீதிய அரசன் அலியாட்டஸ் அதை அழித்தான். அலெக்சாந்தரின் காலத்துக்குப் பிறகு பாகோஸ் மலையை ஒட்டிப் புதிதாக எழும்பியது. அப்படிச் செத்துப் பிழைத்த ஊருக்குத்தான் "மரித்திருந்து பிழைத்தவர்" என்று தம்மைச் சொல்லி ஆண்டவர் எழுதுகிறார். அந்த வசனத்தை அங்கே நின்று வாசித்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

கி.பி. 178இல் நிலநடுக்கம் ஊரைத் தரைமட்டமாக்கியது. பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் உதவியால் திரும்பக் கட்டினார்கள். பழைய ஊரின் சந்தைவெளியான அகோராவின் வளைவுகளுக்குக் கீழே பழைய வாய்க்காலில் தண்ணீர் இன்றும் ஓடுகிறது. பக்கத்துக் கெமரால்டி கடைத்தெரு ஏன் வளைந்து வளைந்து போகிறது தெரியுமா? அதுதான் தூர்ந்துபோன பழைய உள்துறைமுகத்தின் கரை. ஆற்று வண்டலால் எபேசு துறைமுகத்தை இழந்து பாழானது. இங்கேயோ வளைகுடா மூடிவிடாதபடி 1886இல் கெதிஸ் ஆற்றையே திருப்பிவிட்டார்கள், அதனால் இன்றும் கப்பல் வருகிறது.

அப்புறம் பாகோஸ் மலை, இப்போது கதிஃபெகாலே என்கிறார்கள். ஏறும்போது மனசெல்லாம் பொலிகார்ப்தான். அப்போஸ்தலனாகிய யோவானிடம் கற்றவர், இந்தச் சபையின் ஆயர். பின்னாளில் சபைப் பிதாவாக அறியப்பட்ட ஐரேனியு சிறுவனாக இவர் பேசக் கேட்டு வளர்ந்தவர். கி.பி. 155 வாக்கில் இந்தச் சரிவில் இருந்த அரங்கத்தில் அவரை நிறுத்தி, கிறிஸ்துவைச் சபித்தால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். "86 ஆண்டுகள் அவருக்கு ஊழியம் செய்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை, என் ராஜாவை எப்படித் தூஷிப்பேன்?" என்று கேட்டுவிட்டு நெருப்புக்குள் போனார். "நீ மரணபரியந்தம் உண்மையாயிரு, அப்பொழுது ஜீவகிரீடத்தை உனக்குத் தருவேன்" என்ற வாக்கைப் பெற்ற சபையின் மேய்ப்பர் அவர்! மேலே நின்று அதைச் சத்தமாக வாசித்து ஜெபித்தேன், அழுகையை அடக்க முடியவில்லை.

கீழே ஊருக்குள் அவர் பெயரில் ஒரு கத்தோலிக்க ஆலயம் உண்டு, 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுவர் ஓவியங்கள் ரேமோன் பெரே வரைந்தவை, ஊரின் மணிக்கூண்டைக் கட்டியவரும் அவரே. திறந்திருக்குமா என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். பிப்ரவரி 23 பொலிகார்ப்பின் நினைவு நாள், முடிந்தால் அந்தத் தேதியை ஒட்டிப் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ராத்திரியாவது இஸ்மிரிலேயே தங்குங்கள்.