வெள்ளைப்படுதல்: நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்

"வெள்ளைப்படுது" என்றதும் கையோடு பூஞ்சைக் களிம்பு எழுதிக்கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அந்த ஒரு சொல்லுக்குள் பல காரணங்கள் ஒளிந்திருக்கும். சில சமயம் நோயே இருக்காது: சுழற்சியின் நடுவில் முட்டை வெள்ளைக்கரு போல இழுபடும் திரவம், வாடையும் அரிப்பும் இல்லாவிட்டால் இயல்புதான்.

மருத்துவர்களான நாங்கள் முதலில் கேட்பது அரிப்பா, வாடையா என்று. அரிப்பும் எரிச்சலும் தூக்கலாக, திரிந்த பால் போலக் கட்டிகட்டியாக இருந்தால் கேண்டிடா பூஞ்சை. சாம்பல் கலந்த வெள்ளையில், நீர்த்து, உறவுக்குப் பின் மீன் கவுச்சி அடித்தால் பாக்டீரியல் வஜினோசிஸ் (யோனியில் பாக்டீரியாக்களின் சமநிலை குலைவது). மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தால் ட்ரைக்கோமோனாஸ் (உடலுறவால் பரவும் ஒட்டுண்ணி). ஆனால் நுரை எல்லோருக்கும் வராது, அதனால்தான் பரிசோதனை.

ஸ்வாபை (பஞ்சு சுற்றிய குச்சியை) யோனியின் பக்கச் சுவரில் தேய்த்து, அமிலத்தன்மை காட்டும் பி.எச். தாளில் வைக்கவும். 4.5-க்குள் இருந்தால் பெரும்பாலும் கேண்டிடா அல்லது இயல்பு. தாண்டினால் மற்ற இரண்டில் ஒன்றாக இருக்கலாம். கருப்பைவாய்ச் சளி, ரத்தம், விந்து எது பட்டாலும் அளவு பொய்யாக ஏறும். மாதவிடாய் நின்றவர்களுக்குத் தொற்று இல்லாமலே ஏறியிருக்கும்.

அடுத்து நுண்ணோக்கியில் பார்க்க, அந்தத் திரவத்தைத் தடவிய இரண்டு ஸ்லைடு. ஒன்றில் சலைன் (உப்புநீர்) துளி, மற்றதில் 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. இரண்டாவதில் துளி விட்டதும் முகர்ந்து பாருங்கள். கவுச்சி குப்பென்று எழுந்தால் வஜினோசிஸ் பக்கம் ஒரு சாட்சி. அதே துளி செல்களைக் கரைத்துவிடுவதால் பூஞ்சை இழைகள் பளிச்சென்று தெரியும். சலைன் ஸ்லைடை உடனே பார்க்க வேண்டும். ஆறிப்போனால் ட்ரைக்கோமோனாஸ் அசைவதை நிறுத்திவிடும், பிறகு அதற்கும் வெள்ளணுவுக்கும் வித்தியாசம் தெரியாது. அசைவு தென்படவில்லை என்பதாலேயே அது இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது; சந்தேகம் இருந்தால் மரபணுப் பெருக்கப் பரிசோதனைக்கு (கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை) அனுப்புங்கள். வஜினோசிஸில் விளிம்பே தெரியாதபடி பாக்டீரியா அப்பிய 'க்ளூ' செல்கள், மொத்த மேல்தோல் செல்களில் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும்.

சீழ் கருப்பைவாயிலிருந்தே வழிந்தால் கதை வேறு: கிளமிடியா, கொனோரியா என்ற பால்வினைத் தொற்றுகளைப் பார்க்க வேண்டும். காய்ச்சலும் அடிவயிற்று வலியும் சேர்ந்தால் ஒரு நாளும் தள்ளக்கூடாது.

ட்ரைக்கோமோனாஸ் என்றால் உறவுத் துணைக்கும் சேர்த்தே மெட்ரோனிடசோல் மருந்து. இல்லாவிட்டால் திரும்பி வரும். கேண்டிடாவுக்கு ஃப்ளூகோனசோல் 150 மி.கி. ஒரு வேளை போதும். கர்ப்பிணிகளுக்கு அது வேண்டாம், உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் 7 நாள். வருடத்தில் 3 முறை வந்துவிட்டால் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுங்கள், சர்க்கரையையும் பாருங்கள். கேண்டிடாவிலேயே கிளாப்ராட்டா வகைப் பூஞ்சை இழை விடாது, ஸ்லைடில் ஏமாற்றிவிடும்.