ஃபிரிட்ஜுக்குப் பின்னால் நியூசிலாந்து

நேற்று ஃபிரிட்ஜை நகர்த்தினோம். பின்னாலிருந்து ஓர் எவர்சில்வர் மூடி, இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்கள், சின்னவள் நான்காம் வகுப்பில் தொலைத்த கவராயம், அப்புறம் நியூசிலாந்து ஆகியவை கிடைத்தன. முதல் மூன்றுக்கும் யாரும் என்மேல் பழி போடவில்லை.

நியூசிலாந்து அங்கே போனதற்கு அம்மா காரணம். அம்மா அப்படி இருப்பதற்கு மதுரை காரணம். எல்லாவற்றுக்கும் மூல காரணம் மேலூரில் மச்சினர் வீட்டு விருந்து.

பந்தியில் சாம்பார் போய்க்கொண்டிருந்தபோது மச்சினர் எல்லோருக்கும் கேட்கும்படி, "மகளுக்கு ஜார்ஜியாவில் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது" என்றார். அந்தப் பெண்ணைத்தான் உங்களுக்குத் தெரியுமே. நீட் பயிற்சிக்காக இரண்டு வருடம் எங்கள் வீட்டில் தங்கி, அம்மாவின் அறையையும் தைலத்தையும் தூக்கத்தையும் பங்கு போட்டுக்கொண்டவள். சந்தோஷத்தில் என் வாய் திறந்துகொண்டது. திறந்தால் லேசில் மூடாது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

"அட்லாண்டா பக்கமா?" என்று ஆரம்பித்தேன். அட்லாண்டா விமான நிலையத்தின் கூட்டத்தை வர்ணித்தேன். ஜிம்மி கார்ட்டர் அந்த மாநிலத்துக்காரர், கடலை விவசாயி, நம் பக்கத்து மண்ணுக்கு ஒத்துப்போகிற ஊர் என்றேன். மேலூர்ப் பெரியவர்கள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ரசம் வந்தபோது அவளை நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்த்துவிட்டிருந்தேன். மோருக்குள் மாப்பிள்ளையும் பார்த்திருப்பேன். அதற்குள் அவள் என் இலைப்பக்கம் குனிந்து, "மாமா, இது வேறு ஜார்ஜியா" என்றாள்.

கருங்கடலுக்குக் கிழக்கே, காக்கசஸ் மலையடியில், ரஷ்யா, துருக்கி, அர்மீனியா, அஜர்பைஜான் ஆகிய நான்கு பேருக்கும் நடுவில் இருக்கிறதாம். தலைநகர் திபிலிசி. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் நாட்டைச் 'சகார்ட்வேலோ' என்றுதான் சொல்லிக்கொள்கிறார்களாம். சொந்த ஜனமே ஜார்ஜியா என்று கூப்பிடாத நாட்டை வில்லாபுரத்தில் இருக்கிற நான் மட்டும் தெரிந்து வைத்திருக்கவேண்டும் என்றால் என்ன நியாயம்?

"மாப்பிள்ளை, மோர் விட்டுக்கொள்ளுங்கள்" என்றார் மச்சினர். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

திரும்பும்போது என் மனைவி ஒத்தக்கடை வரை அடக்கிக்கொண்டு வந்தாள். ஒத்தக்கடையில் வெடித்தாள். மாட்டுத்தாவணியில் இறங்கும்போது கண்டக்டருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

அன்று இரவே சின்னவள் கைப்பேசியில் ஒரு விளையாட்டை எடுத்துக் கொடுத்தாள். பெயர் எழுதாத உலகப் படம். மேலே ஒரு நாட்டின் பெயர் வரும், நாம் அந்த நாட்டைத் தொடவேண்டும். ஐ.நா. உறுப்பு நாடுகள் 193, அதோடு வாட்டிகன், பாலஸ்தீனம், ஆக மொத்தம் 195. எனக்கு 61 வந்தது. அவளுக்கு 148. வாட்டிகனைத் தொடுவதற்கு என் விரலைச் சீவவேண்டியிருக்கும் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

நான் படிக்காதவன் இல்லை. பத்தாம் வகுப்பில் வரைபடம் குறித்தலில் முழு மதிப்பெண் வாங்கியவன். அன்றைக்குச் சோவியத் யூனியன் என்று படத்தின் தலை முழுக்க ஒரே வண்ணத்தை இழுத்துவிட்டால் தீர்ந்தது. 1991-இல் அதை உடைத்து 15 ஆக்கிவிட்டார்கள். உடைத்தவர்கள் முன்பே படித்து முடித்தவர்களுக்கு ஒரு கார்டாவது போட்டிருக்கலாம். என் மானத்தை வாங்கிய ஜார்ஜியா அந்தப் பதினைந்தில் ஒன்று.

சரி, விடக்கூடாது என்று மறுநாளே கடைவீதிக்குப் போய்ச் சுவரில் மாட்டும் உலகப் படம் ஒன்று வாங்கி வந்தேன். வழவழவென்று, பட்டுப்புடவைக் கட்டம் மாதிரி வண்ண வண்ணமாக இருந்தது. விரித்த ஐந்தாவது நிமிடம் சின்னவள், "அப்பா, இதில் சூடான் ஒரே துண்டாக இருக்கிறது" என்றாள். 2011-இலேயே தெற்கு சூடான் தனிநாடாகிவிட்டதாம். 2018-இல் எஸ்வாட்டினி என்று பெயர் மாற்றிக்கொண்ட நாடு இதில் இன்னும் சுவாசிலாந்தாகவே உட்கார்ந்திருந்தது. திருப்பிக் கொண்டுபோனேன். கடைக்காரர் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நாடு எங்கே சார் போய்விடப் போகிறது? அங்கேயேதான் இருக்கும்." இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள். லட்சக்கணக்கானவர்கள் வாக்களித்துப் பிரித்த நாட்டைச் சின்னவள் கடைசியில் ஒரு நீலப் பேனாவால் பிரித்து முடித்தாள்.

படத்தைக் கூடத்தில் தெற்குச் சுவரில் மாட்டினேன். அங்கேதான் ஆணி இருந்தது. அம்மா வந்து பார்த்தாள்.

அம்மாவுக்கு இடது, வலது என்பதெல்லாம் செருப்புக்கு மட்டும்தான். மற்ற எல்லாவற்றுக்கும் திசைதான். சோபாவில் இடம் வேண்டுமென்றால் "கொஞ்சம் தெற்கே தள்ளு" என்பாள். இட்லித் துணி அடுப்புக்கு வடக்கே இருக்கும். என் கண்ணாடியில் மேற்குப் பக்கம் அழுக்கு என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். நான் திரும்பி நின்றதும் கிழக்குப் பக்கம் என்று திருத்தியும் சொன்னாள்.

"ஜப்பான் எந்தப் பக்கம் இருக்கிறது?" என்றாள்.

"கிழக்கே, அம்மா. இதோ." படத்தின் வலது ஓரத்தில் விரலை வைத்தேன்.

"உன் விரல் காட்டுவது குளியலறையை. அது மேற்கு."

யோசித்துப் பார்த்தேன். தெற்கே பார்த்து நின்றால் வலது கைப்பக்கம் மேற்குதான். அதாவது என் வீட்டில் சூரியன் ஜப்பானில் மறைந்து அமெரிக்காவில் உதிக்கிறது. இதை வைத்துக்கொண்டு பேத்தியைப் படிக்கவைத்தால் உருப்படுவாளா என்று அம்மா கேட்டாள். படம் வடக்குச் சுவருக்குப் போயிற்று. வடக்குச் சுவரில் ஃபிரிட்ஜ் இருக்கிறது. ஃபிரிட்ஜுக்கான பிளக் வேறு எங்கும் இல்லை. ஆகவே கிழக்கோரத்தில் நாலு விரல் அகலத்துக்கு உலகம் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போனது. கடல்தானே என்று விட்டுவிட்டோம்.

பிறகு மூன்று வாரம் தவம். மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையை டவுன் பஸ் நிறுத்தங்களாக மனப்பாடம் செய்தேன். செனகல், காம்பியா, கினி பிசாவ், கினி, சியரா லியோன், லைபீரியா, ஐவரி கோஸ்ட், கானா, டோகோ, பெனின், நைஜீரியா, கேமரூன். கானா தாண்டியதும் டோகோவும் பெனினும் அடுத்தடுத்த நிறுத்தங்கள், கண்டக்டர் விசில் அடிப்பதற்குள் வந்துவிடும். குளிக்கும்போது உரக்கச் சொல்லிப் பழகினேன். பக்கத்து வீட்டு அம்மாள் என் மனைவியிடம் ஏதாவது மந்திரமா என்று விசாரித்தாராம்.

இடையில் கிரீன்லாந்து வந்து படுத்துக்கொண்டது. படத்தில் அது கிட்டத்தட்ட ஆப்பிரிக்கா அளவு. உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல 14 மடங்கு. மெர்கேட்டர் என்பவர் 1569-இல் கப்பல்காரர்களுக்காகப் போட்ட கணக்கு அது. திசைகாட்டி முள்ளை ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டு போகிற பாதை படத்தில் நேர்கோடாக விழவேண்டும் என்பதற்காக, துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தை இழுத்துப் பெரிதாக்கிவிட்டார். எனக்கு உடனே புரிந்தது. நம் ஊர் மனை விளம்பரத்தில் போடுகிற படமும் இதே கணக்குதான். கொட்டாம்பட்டியில் இருக்கிற மனை மாட்டுத்தாவணியை ஒட்டி இருக்கும், நடுவில் உள்ள முப்பது, நாற்பது கிலோமீட்டரும் கட்டைவிரல் அகலத்தில் அடங்கிவிடும். மெர்கேட்டராவது கப்பலைக் கரைசேர்த்தார்.

நல்ல செய்தியும் கிடைத்தது. யாழ்ப்பாணம் உள்பட இலங்கை முழுவதுமே மதுரைக்குத் தெற்கேதான் இருக்கிறது. மதுரையிலிருந்து நேர் மேற்காகக் கோடு இழுத்துக்கொண்டே போனால் கொச்சியை உரசி, சோமாலியாவில் ஏறி, எத்தியோப்பியா, நைஜீரியா எல்லாம் தாண்டி, அட்லாண்டிக்கையும் கடந்து, கோஸ்டாரிகாவின் தலைநகர் சான் ஹோசேயில் போய் முட்டும். இரண்டு ஊரும் ஒரே அட்சரேகை. அதாவது ஒரே தெருதான், கதவு எண் மட்டும் கொஞ்சம் தள்ளி.

அம்மாவும் பயிற்சியில் சேர்ந்துகொண்டாள். அதுதான் வினை. "சாட் எங்கே இருக்கிறது?" என்றாள். "லிபியாவுக்குக் கீழே" என்றேன். அம்மாவின் விரல் லிபியாவைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து எகிப்தில் போய் நின்றது.

"அது எகிப்து அம்மா. கீழே என்றேனே."

"கீழவாசல் எந்தப் பக்கம் இருக்கிறது?"

"கிழக்கே."

"மேலமாசி வீதி?"

"மேற்கே."

"அப்புறம் என்ன?"

தப்பே இல்லை. மேற்கே மலை, கிழக்கே கடல், வைகை (தண்ணீர் வருகிற வருடங்களில்) மேலிருந்து கீழாகத்தான் ஓடுகிறது. இந்த ஊரில் மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. வடக்கை எடுத்து மேலே வைக்கச் சொன்னது யார் என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. சின்னவள் தேடிப் பார்த்து, 1154-இல் அல் இத்ரிசி என்பவர் சிசிலி அரசருக்கு வரைந்து கொடுத்த படத்தில் தெற்குதான் மேலே என்றாள். அந்தக்கால ஐரோப்பியப் படங்கள் பலவற்றில் கிழக்கு மேலே இருந்ததாம். மேற்கை மேலே வைத்தவர் எவராவது இருந்தால் அவருடைய பூர்வீகம் சிம்மக்கல் பக்கம் இருக்கும் என்பது என் ஊகம்.

என் மனைவிக்கு இந்த வாதங்களில் ஈடுபாடு கிடையாது. அவள் பசிபிக் பெருங்கடலைக் கண்டுபிடித்தாள். உலகத்து நிலம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதைவிடப் பெரியது என்று நான் வாய்விட்டதுதான் தாமதம், "இவ்வளவு இடம் சும்மாவா கிடக்கிறது?" என்று பேனாவை எடுத்தாள். இப்போது ஃபிரிட்ஜ் மறைக்காத மேற்கோரப் பசிபிக்கில் சிலிண்டர் பதிவு எண், மின் கணக்கு எண், பால் கணக்கு எல்லாம் மிதக்கின்றன. பால் கணக்கு சமோவாவின் மேல் விழுந்திருக்கிறது. சமோவா 2011-இல் தேதிக்கோட்டின் அந்தப் பக்கம் தாவுவதற்காக டிசம்பர் 30 என்ற நாளையே காலண்டரிலிருந்து விழுங்கிவிட்ட நாடு. அந்த மாதம் அங்கே பால்காரர்களிடம் எத்தனை வீட்டில் சண்டை நடந்ததோ.

போட்டி போன ஞாயிற்றுக்கிழமை. ஆளுக்கு முப்பது நாடு. புர்கினா பாசோவைத் தொட்டேன். லெசோத்தோவைத் தென்னாப்பிரிக்காவின் வயிற்றுக்குள் தேடிப் பிடித்தேன். பராகுவே, உருகுவே இரண்டையும் மாற்றாமல் தொட்டேன். 29 சரி. சின்னவளுக்கும் 29. எனக்குக் கடைசியாக வந்த பெயர் நியூசிலாந்து.

கிரிக்கெட்டை நாற்பது வருடமாகப் பார்க்கிறவன் நான். ஆஸ்திரேலியாவுக்குப் பக்கத்தில் என்பது தெரியும். எந்தப் பக்கத்தில் என்பதுதான் சிக்கல். மூன்று வாரம் நான் பார்த்த உலகத்தில் ஆஸ்திரேலியாவுக்கு அப்புறம் ஃபிரிட்ஜ். தொங்கிக்கொண்டிருந்த ஒரு தீவைத் தொட்டேன். அது டாஸ்மேனியா. ஆஸ்திரேலியாவின் ஒரு மாநிலமாம்.

படத்திலேயே இல்லை என்று சாதித்தேன். அந்த வீம்பில்தான் நேற்று ஃபிரிட்ஜை நகர்த்தியது. ஒட்டடைக்கு நடுவில் இரண்டு தீவும் பத்திரமாக இருந்தன. "நாடு எங்கே போய்விடப் போகிறது?" என்றாள் என் மனைவி.

ஃபிரிட்ஜைத் திரும்பத் தள்ளிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. மச்சினர் மகள். போன வாரம்தான் கிளம்பிப் போனாள். இங்கே இரவு ஒன்பது, அங்கே ஏழரை. சாப்பாடு எப்படி, குளிர் எப்படி என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டு அம்மாவைக் கூப்பிட்டோம். அம்மா கைப்பேசியை வாங்கவில்லை.

"அவள் எந்தப் பக்கம் இருக்கிறாள்?" என்றாள்.

படத்துக்குப் போனேன். மதுரையில் ஒரு விரல், திபிலிசியில் ஒரு விரல். ஏறத்தாழ 4800 கிலோமீட்டர். "மேலே, அம்மா" என்றேன். சொல்லிவிட்டு, எந்த மேலே என்று கேட்பாளே என்று திரும்பப் பார்த்தேன். சரியான வடமேற்கு. என் மேலேயும் அவள் மேலேயும் ஒன்றாகச் சேர்ந்து இருந்தன. மூன்று வாரத்தில் இப்படி ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை.

"வடமேற்கே. வாடிப்பட்டிப் பக்கம்" என்றேன்.

"வாடிப்பட்டிப் பக்கமா?" அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. வாடிப்பட்டி அவளுக்குத் தெரிந்த ஊர். போய்விட்டுச் சாயந்திரத்துக்குள் திரும்பிவிடலாம்.

கைப்பேசிக்குள்ளிருந்து "அப்பத்தா, அப்பத்தா" என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. "இரு, வருகிறேன்" என்று அதைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கூடத்து நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்து, வாடிப்பட்டியைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் அம்மா கையை நீட்டினாள்.