பன்னெண்டு மணிக்கு ஊத்துறேன்

கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவைச் சுற்றியே மூன்று லேத்துப் பட்டறைகள், அதாவது உலோகத்தைச் சுழற்றிக் கடையும் பட்டறைகள், இருக்கின்றன. புஷ் என்கிற வளையம் ஒன்று கடைய வேண்டுமென்றால் கைலியோடு நடந்து போய்விட்டு வரலாம். அப்படிப்பட்ட இடத்தில் குடியிருந்துகொண்டு, சொந்தமாக ஒரு லேத்து செய்யப்போகிறேன் என்று கிளம்பினேன். அதுவும் மொட்டைமாடியில் அலுமினியத்தை உருக்கி, ஒவ்வொரு பாகமாக மணலில் வார்த்து. முதலில் கடையும் பொருளைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக், அடுத்தது அதன் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்.

அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பழைய இரும்பு வாளிக்குள் தீக்களிமண் பூசி உலை செய்தேன். கரி, தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் கொடுத்தது. காற்றுக்கு மனைவியின் ஹேர் டிரையர். மர அச்சில் மணல் ஒட்டாமலிருக்கத் தூவிய டால்கம் பவுடரும் அவளுடையதுதான். அந்தப் பஞ்சாயத்து தனி. உலோகம் வியாசர்பாடி காயலான் கடையில் எடை போட்டு வாங்கிய பைக் பிஸ்டன்கள். பிஸ்டனில் சிலிக்கான் கலந்திருப்பதால் அச்சுக்குள் நன்றாக ஓடும். கூல்டிரிங்ஸ் டின்னை உருக்கினால் கசடுதான் அதிகம்.

மணலில் மட்டும் கஞ்சத்தனம் செய்தேன். திருவொற்றியூர் கடற்கரையில் ஒரு பை அள்ளிவந்து பென்டோனைட் களிமண் கலந்தேன். கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், அவ்வளவுதான் ஈரம். என்னுடையது உதிர்ந்துகொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம் தண்ணீர், இன்னும் கொஞ்சம் தண்ணீர் என்று விட்டேன்.

அன்று ஆடி ஞாயிறு. புகையைப் பார்த்துவிட்டுக் கீழ்வீட்டு ஆயா குரல் கொடுத்தார்.

"இன்னா தம்பி, மாடில அடுப்பு?"

"இன்னிக்கு ஊத்தப்போறேன் ஆயா."

"எத்தினி மணிக்கு?"

"பன்னெண்டு மணிக்கு ஊத்திடுவேன்."

"நல்லாருப்பா!"

லேத்தின் மேல் ஆயாவுக்கு இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோனேன்.

சரியாகப் பன்னிரண்டு மணி. கண்ணாடி, தோல் ஷூ, கையுறையோடு, உலோகம் உருகிய மூசையை இடுக்கியில் தூக்கித் திரும்பினால், மாடிப்படியில் ஆயா தலைமையில் ஆறு பெண்கள். ஆளுக்கொரு தூக்குவாளி. ஒருத்தர் கையில் நறுக்கிய வெங்காயம். ஒரு தூக்குவாளியிலிருந்து, கழுவிய ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

உருகிய உலோகத்துக்கு அடியில் தண்ணீர் சிக்கினால், நொடியில் ஆவியாகி எல்லாவற்றையும் தூக்கி அடிக்கும். சிந்தினால் சிமெண்ட் தரையே வெடிக்கும் என்றுதான் கீழே மூன்று அங்குலத்துக்குக் காய்ந்த மணல் பரப்பியிருந்தேன்.

"தண்ணி வேணாம், யாரும் கிட்ட வராதீங்க!" என்று கத்தினேன்.

"கெட்டியா ஊத்தறான்டி" என்றார் ஆயா.

வேறு வழியில்லை, அவர்களைப் படியிலேயே நிறுத்திவிட்டு ஊற்றினேன். அடுத்தவருக்குத் தண்ணீர் உபதேசம் செய்தவன் அச்சில் விட்ட தண்ணீரை மறந்திருந்தேன். அச்சுக்குள் குபுகுபுவென்று சத்தம். நல்லவேளை, தெறிக்கவில்லை. கொதித்ததோடு சரி. பதம் வந்துடுச்சி என்று ஆயா சொன்னதும்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. விளக்கம் கேட்டுவிட்டு ஆறு தூக்குவாளிகளும் காலியாகப் படியிறங்கின.

மறுநாள் ஹெட்ஸ்டாக்கைப் பட்டறை அண்ணனிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, பன்னு மாதிரி ஓட்ட ஓட்டயா கீது?"

பிறகு காலிப்பரை வைத்து அளந்தார். 100 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைந்தது. ஆறும்போது அலுமினியம் சுருங்கும், அதற்காக மர அச்சைப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்?

"பேரிங் ஓட்டையாவது கடைஞ்சு குடுங்கண்ணே."

"லேத்து செய்யறதுக்கு லேத்தாண்ட வந்துகிற" என்று சிரித்தார். கடைந்தும் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டில் நிஜமாகவே கூழ் ஊற்றினோம். உலை அதேதான், ஹேர் டிரையரும். ஆயா இரண்டு தூக்குவாளி கொண்டுவந்தார், போன வாரத்துக்கும் சேர்த்து. டெயில்ஸ்டாக்கை ஆவணியில்தான் ஊற்ற வேண்டும்.