எச்சில் கொடுத்துவிட்டு வந்தேன்

பல் தேய்த்துத் துப்பும்போது ரத்தம் வருவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. பிரஷ் கெட்டியாக இருக்கிறது என்று மாற்றினேன், அப்புறம் பேஸ்ட்டை மாற்றினேன். ஒன்பது வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை. கண், கால், சிறுநீரகம் எல்லாம் பார்த்த டாக்டர் ஒருநாளும் வாயைத் திறக்கச் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. ஒருநாள் கொய்யாக்காயைக் கடித்தபோது கீழ் முன்பல் ஒன்று லேசாக ஆடியது. அன்றுதான் பயம் வந்தது.

பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். ஈறுப் பிரிவில் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு அளந்தார்கள். ஒரு பல்லுக்கு ஆறு இடம். “மூணு, ரெண்டு, மூணு, அஞ்சு” என்று ஒருவர் சொல்ல, பக்கத்தில் ஒரு மாணவி எழுதிக்கொண்டே வந்தார். மூன்று வரை பரவாயில்லையாம். அதற்கு மேல் போனால் ஈறு பல்லை விட்டு விலகிக் குழி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். கடைவாயில் “ஏழு” என்றதும் அந்த மாணவி பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

மேற்படிப்பு படிக்கும் டாக்டரம்மா ஒருவர், தன் ஆய்வுக்குக் கொஞ்சம் எச்சில் தர முடியுமா என்று கேட்டார். அவர் சொன்னது இது: கிருமியை அடிக்க ரத்த வெள்ளணுக்கள் ஒருவித ஆக்சிஜன் துகள்களை வீசுகின்றன. அவை கிருமியோடு நிற்காமல் ஈறையும் எலும்பையும் சேர்த்து அரிக்கின்றன. சர்க்கரை ஏறியிருந்தால் இந்தத் துகள்கள் இன்னும் அதிகம். அவற்றை அடக்குகிற ஆன்டிஆக்சிடன்ட்கள் எச்சிலில் எவ்வளவு என்று பார்ப்பதுதான் ஆய்வாம். அதில் பெரும்பங்கு யூரிக் அமிலம் என்றார். மூட்டு வலிக்கு டெஸ்ட் எடுக்கும்போது திட்டு வாங்குகிற அதே யூரிக் அமிலம்!

எச்சில் கொடுக்கிற அன்று காலை ஏழு மணிக்கு இட்லி, மாத்திரை. அதற்குப் பிறகு எதுவும் கூடாது. ஒன்பதரைக்கு வாய் கொப்பளிக்கச் சொல்லி, சற்று நேரம் உட்காரவைத்து, குழாயைக் கையில் கொடுத்தார்கள். காறித் துப்பக் கூடாது, தலையைக் குனிந்து தானாக வழிய விட வேண்டும். ஐந்து நிமிடம். ஊர் முழுக்கத் துப்பாதே என்று வளர்த்த வாய், கேட்டால் தருமா? நுரைதான் வந்தது. “புளியங்காயை நினைச்சுக்கட்டுமா?” என்றேன். “வேண்டாம்மா, தூண்டாம வர்றதுதான் வேணும்” என்று சிரித்தார். குழாய் ஐஸ் பெட்டிக்குள் போனது.

என் அளவு என்ன என்று கேட்டதற்கு, அதை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்வதில்லை என்றார். பக்கத்து வீட்டு அக்கா சொன்ன ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை வாங்கலாமா? “முதல்ல வாய் சுத்தமாகட்டும்.”

மரப்பு ஊசி போட்டு, ஒருநாள் வலது பக்கம், அடுத்த வாரம் இடது பக்கம், ஈறுக்கு அடியில் வேர் வரை சுரண்டினார்கள். கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்பார்களே, அந்தச் சந்தேகம் எனக்கும் வந்தது. பல்லில் கெட்டியாகப் படிந்திருந்த காரை போன பிறகு பல்லுக்கு நடுவே நாக்கு நுழைந்தது. குளிர்ந்த தண்ணீர் இரண்டு வாரம் சுரீரென்றது. காரை அடைத்திருந்த சந்துதான் அது, புதிதாக உண்டானதில்லை என்றார்கள்.

மூன்று மாதம் கழித்து ஏழு ஐந்தாகியிருந்தது. இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.6-லிருந்து 8.1. ஈறு சிகிச்சையால் சராசரியாக 0.4 அளவுக்குக் குறைவதுண்டாம். நான் சாயங்கால நடையையும் ஆரம்பித்திருந்தேன், எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது. அன்றைக்கு மறுபடியும் குழாயை நீட்டினார்கள். இந்தத் தடவை நுரை குறைவு. கொய்யாவை மட்டும் இன்னும் கத்தியால் நறுக்கித்தான் தின்கிறேன்.