சயனைடு மேட்டோரம்: மண்ணையும் மகளின் ரத்தத்தையும் சோதித்த அனுபவம்

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் சயனைடு மேடுகளை ஒட்டிக் குடியிருப்பவர்கள் வீட்டு மண்ணையும் தண்ணீரையும் பிள்ளைகளையும் ஒருமுறையாவது சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. எந்தச் சோதனையைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று சொல்ல எங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கே 1880-ல் தொடங்கி ஏறத்தாழ 120 ஆண்டுகள் தங்கம் எடுத்தார்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய பொடி 13 மேடுகளாக ஊருக்கு நடுவே நிற்கிறது. மொத்தம் மூன்று கோடி டன்னுக்கும் மேல். ஆடிக் காற்று வீசும்போது சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் பக்கமெல்லாம் கதவைச் சாத்தினாலும் சோற்றுத் தட்டில் நறநறக்கும்.

ஊரில் பேச்செல்லாம் சயனைடைப் பற்றித்தான். ஒருவர் பயமுறுத்துவார், இன்னொருவர் "அதெல்லாம் எப்பவோ போயிடுச்சு" என்பார். சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் பெரும்பாலும் சிதைந்துவிடும், அது உண்மைதான். ஆனால் தாதுப் பாறையில் தங்கத்தோடு கூடவே இருந்த ஆர்செனிக்கும் ஈயமும் தனிமங்கள். அவை சிதையாது. எத்தனை ஆண்டு வெயில் அடித்தாலும் மழை பெய்தாலும் இடம் மாறுமே தவிர அழியாது. பழைய காலத்தில் தங்கத்தைச் சேர்த்துப் பிடிக்கப் பாதரசமும் பயன்படுத்தினார்கள். நாம் கவலைப்பட வேண்டியது இவற்றைப் பற்றித்தான்.

எங்கள் மகளுக்கு ரத்தசோகை என்று தெரிந்தபோது குழந்தை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "பாப்பா மண் திங்கிறாளா?" தின்கிறாள்தான். "நீயும்தான்டா தின்னே, என்ன ஆச்சு?" என்று அம்மா என்னைக் கேட்டார். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இரும்புச் சத்து குறைந்த பிள்ளைகளுக்கு மண் தின்னத் தோன்றும். அதே இரும்புக் குறைவு இருந்தால், வயிற்றுக்குள் போகும் ஈயத்தை உடம்பு இன்னும் அதிகமாக உறிஞ்சும். ஈயம் ரத்தசோகையை மேலும் மோசமாக்கும், வளரும் மூளையையும் பாதிக்கும். ஒன்றை ஒன்று வளர்த்துவிடும் வட்டம் அது. "ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்த்துவிடலாம்" என்று எழுதிக் கொடுத்தார்.

இந்தச் சோதனையை விரல் நுனியில் குத்திச் செய்யாமல் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துச் செய்வதே நல்லது. விரல் தோலில் ஒட்டியிருக்கும் தூசியே அளவைக் கூட்டிக் காட்டிவிடும். எங்கள் ஊர் லேபில் ரத்தம் எடுத்துப் பெரிய ஊருக்கு அனுப்பினார்கள். ரத்தத்தில் டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டர்) 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் காரணத்தைத் தேடி நீக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது. பாதுகாப்பான அளவு என்று ஈயத்துக்கு ஒன்று கிடையாது. எங்கள் மகளுக்கு 5-ஐத் தாண்டியிருந்தது. ஈயத்தை வெளியேற்றும் மருந்து 45-ஐ ஒட்டி வரும்போதுதான் கொடுப்பார்களாம். அதற்குக் கீழே மருந்து, ஈயம் வரும் வழியை அடைப்பதுதான். அந்த இரவு நானும் மனைவியும் தூங்கவில்லை.

ஆர்செனிக்குக்கு ரத்தம் சரிப்படாது, சில மணி நேரத்திலேயே அதிலிருந்து விலகிவிடும். சிறுநீரில் பார்க்க வேண்டும். அதற்கு முன் சில நாட்கள் மீன், இறால், கருவாடு எதையும் தொடக் கூடாது. கடல் உணவில் பெரிதாகத் தீங்கு செய்யாத வேறு வகை ஆர்செனிக் உண்டு, சோதனையில் இரண்டும் கலந்து வந்து குழப்பும். கருவாட்டுக் குழம்பு இல்லாமல் எங்கள் வீட்டில் வாரம் நகராது, ஆனாலும் நிறுத்தினோம். பெரியவர்களுக்கு உள்ளங்கை, உள்ளங்காலில் தோல் தடித்துப் பருப்புப் போல் எழும்புகிறதா, மார்பிலும் முதுகிலும் புள்ளி புள்ளியாக நிறம் மாறுகிறதா என்றும் மருத்துவர் பார்த்தார். பல ஆண்டு ஆர்செனிக் சேர்ந்தால் முதலில் தோலில்தான் தெரியும். நுரையீரல், சிறுநீர்ப்பை, தோல் புற்றுநோய்கள் பிறகு வரக்கூடும்.

அப்புறம் மண். விவசாயிகளுக்குக் கொடுக்கும் மண்வள அட்டையில் 12 விவரங்கள் இருக்கும்: கார அமில நிலை, உப்புத்தன்மை, கரிமச் சத்து, தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். பயிருக்கு எது குறைகிறது என்று சொல்வதற்கான அட்டை அது. ஆர்செனிக், ஈயம், காட்மியம், பாதரசம் எதுவும் அதில் இல்லை. அட்டையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்பதால் மண் சுத்தம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. லேபுகளின் தரத்தைச் சோதித்து அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்-இன் அங்கீகாரம் உள்ள பெங்களூரு லேப் ஒன்றில் கேட்டோம். எந்த உலோகம் என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் பார்ப்பார்கள், உலோகத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். "மொத்த அளவு வேண்டும், அமிலத்தில் கரைத்துப் பாருங்கள்" என்று சொல்லிக் கொடுங்கள். இல்லையென்றால் பயிர் உறிஞ்சும் பகுதியை மட்டும் அளந்து கொடுக்க வாய்ப்பு உண்டு. மண்ணை வாயில் போடும் குழந்தைக்கு அந்த அளவு போதாது.

மாதிரி எடுப்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. பிள்ளை விளையாடும் இடத்தில் மேலாக இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் சுரண்டி எடுத்தோம், காற்றில் வந்த தூசி அங்கேதான் இருக்கும். கீரைப் பாத்தியில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை எடுத்தோம். ஒவ்வொன்றிலும் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, கல் வேர் நீக்கி, புதுப் பையில் தனித்தனியாகப் போட்டு எழுதினோம். துத்தநாகம் பூசிய கரண்டி வேண்டாம், பிளாஸ்டிக் போதும். மேட்டுக் காற்று எட்டாத தூரத்தில் இருக்கும் உறவினர் நிலத்திலிருந்தும் ஒரு பை எடுத்தோம். ஒப்பிட ஒன்று இல்லாமல் ரிப்போர்ட்டில் இருக்கும் எண் எதையும் சொல்லாது.

எங்கள் வீட்டு எண்களை இங்கே போடவில்லை. ஒரு வீட்டை வைத்து ஊரை அளக்கக் கூடாது. விளையாடும் இடத்து மேல்மண்ணில் ஆர்செனிக் உறவினர் நிலத்தைவிடத் தெளிவாகக் கூடுதல் என்பதை மட்டும் சொல்கிறேன். கனடாவின் வழிகாட்டி அளவு கிலோவுக்கு 12 மில்லிகிராம், அதையும் தாண்டியிருந்தது. ஈயமோ அந்த அளவுக்கு இல்லை. அப்படியானால் மகளின் ரத்தத்தில் இருக்கும் ஈயம் எங்கிருந்து வந்தது? மருத்துவர் மஞ்சள் தூள், கண் மை, பழைய பெயின்ட் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நாங்கள் இருப்பது சுரங்கக் காலத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு, கதவில் பல அடுக்குப் பெயின்ட் உரிந்துகொண்டிருந்தது. பெயின்டில் ஈயத்தை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) கட்டுப்படுத்தும் சட்டம் வந்ததே 2016-ல்தான். உரிந்த சில்லைச் சோதித்ததில் ஈயம் நிறையவே இருந்தது. மண்ணை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டு இருந்திருந்தால் கதவு அப்படியே இருந்திருக்கும்.

போர் தண்ணீரை வேறு லேபில் கொடுத்தோம். ஆர்செனிக்குக்கும் ஈயத்துக்கும் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதற்குள்தான் இருந்தது. கூடியிருந்தால் கொதிக்கவைத்துப் பயனில்லை, தண்ணீர் ஆவியாகி உலோகம் இன்னும் செறிவாகும்.

மண்ணைச் சரிசெய்யச் சுண்ணாம்பு போடு, பாஸ்பேட் உரம் போடு என்று பலர் சொன்னார்கள். இரண்டும் ஈயத்தைக் கட்டிப்போடும், ஆனால் ஆர்செனிக்கை இளக்கிவிடக்கூடும். எங்கள் மண்ணில் பிரச்சினை ஆர்செனிக் என்பதால் அவை இரண்டையும் போடவில்லை. விளையாடும் இடத்தில் வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து கெட்டியாகப் போட்டு மேலே புல் வளர்த்தோம். கீரையும் முள்ளங்கியும் இப்போது புது மண் நிரப்பிய தொட்டியில், தரையில் முருங்கையும் கத்தரியும். கீரை, கிழங்கு வகைதான் உலோகத்தையும் தூசியையும் அதிகம் பிடித்து வைக்கும். வீட்டைப் பெருக்குவதை விட்டு ஈரத் துணியால் துடைக்கிறோம், செருப்பு வாசலோடு சரி. பெயின்டைச் சுரண்டவில்லை, சுரண்டினால் தூசி பரவும். கதவையே மாற்றினோம். மகளுக்கு இரும்பு மருந்தும், கேழ்வரகும், சாப்பிடும் முன் கை கழுவுவதும். அடுத்த ரத்தச் சோதனையில் ஈயம் குறைந்திருந்தது. இன்னும் குறைய வேண்டும்.

இப்போது பெரிய வேலை ஒன்று வருகிறது. இந்த 13 மேடுகளையும் மறுபடி தோண்டித் தங்கம் எடுக்க 2024-ல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மாசடைந்த இடங்களுக்காக மத்திய அரசு 2025-ல் கொண்டுவந்த விதிகளோ சுரங்கப் பணியால் வந்த மாசைத் தம் வரம்புக்கு வெளியே வைத்திருக்கின்றன. அதனால் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் எங்கள் ரிப்போர்ட்டுகளோடு போகப் போகிறேன். நாட்டின் காற்றுத் தர அளவுகோலில் ஆர்செனிக்குக்கு கனமீட்டருக்கு 6 நானோகிராம், ஈயத்துக்கு 0.5 மைக்ரோகிராம் என்று ஆண்டு வரம்பு 2009 முதல் இருக்கிறது. தோண்டத் தொடங்கும் முன்பே மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் இந்த இரண்டையும் அளந்து எழுதிவைக்க வேண்டும், தோண்டும் காலம் முழுக்க அளவை மாதாமாதம் ஊரில் ஒட்ட வேண்டும், மேட்டோரப் பிள்ளைகளுக்கு ரத்தச் சோதனை இலவசமாகச் செய்ய வேண்டும். இந்த மூன்றையும் எழுத்தில் கொடுக்கிறேன். உங்கள் வீட்டு ரிப்போர்ட்டும் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள்.