அரிட்டாபட்டிப் பாறையில் ஒரு வெட்டு

“எழுத்தை அப்புறம் பார்க்கலாம், முதல்ல மேல பாருங்க” என்றார் கூட வந்த ஊர்ப் பெரியவர்.

மதுரை மாவட்டம் மேலூர் அருகே உள்ள அரிட்டாபட்டியின் கழிஞ்சமலைக் குகை. அதன் நெற்றியில் நீளமாக ஒரு வெட்டு. மழைத்தண்ணீர் பாறையோடு வழிந்து உள்ளே போகாமல், விளிம்பிலேயே சொட்டிவிடச் செதுக்கியது. அதையொட்டித்தான் தமிழின் பழைய எழுத்து வடிவமான தமிழி எழுத்துகள். 2,000 ஆண்டுகளுக்கு முந்தையவை. நெல்வேலியைச் சேர்ந்த வெளியன் என்பவர் குகையைச் செய்வித்துக் கொடுத்த செய்தி. தங்கியவர்கள் சமணத் துறவிகள்.

“அப்போ நனையாம தூங்கலாமா தாத்தா?” என்றாள் ஒரு சிறுமி.

“தூங்கலாம் தாயி.”

மலையின் இன்னொரு பக்கம் பாறையைக் குடைந்து செய்த பாண்டியர் காலக் கோயில். சிவலிங்கம், பிள்ளையார், கூடவே சிவனின் அவதாரமாகக் கருதப்படும், அபூர்வமான லகுலீசர்.

2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. ஆனால் தனியாக வருபவர்கள் பலர் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அந்த வெட்டைக் காட்ட ஓர் ஆள் வேண்டும். ஊர் இளைஞர்களுக்கே பயிற்சி தந்து, சம்பளமும் தந்து வழிகாட்டிகளாக்கலாம். மேலூர், மதுரைப் பள்ளிகள் பிள்ளைகளை இங்கே நடக்கக் கூட்டிவரலாம்.

போகிறவர்கள் விடியற்காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் பாறையில் கால் வைக்க முடியாது.