பள்ளி வண்டி நாட்குறிப்பு: மே முதல் ஜூலை வரை

2025 மே 5, திங்கள்

விடுமுறை தொடங்கியதும் பள்ளியின் போக்குவரத்துப் பொறுப்பாளருக்கு முதல் வேலை, யார் யார் வண்டிக்கு வருகிறார்கள் என்ற பட்டியல். "வேன் வேணுமா?" என்று கேட்டால் எல்லாரும் வேணும் என்றுதான் சொல்வார்கள். அந்த எண்ணிக்கையை நம்பி ரூட் போட்டால் ஜூனில் பாதி சீட் காலியாக ஓடும். முதல் பருவக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கட்டியவர் பெயர் மட்டும் பட்டியலில் ஏறும், மற்றவர்கள் காத்திருப்பு வரிசைதான்.

படிவத்தில் கேட்க வேண்டியவை: வகுப்பு, வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீட்டு லொக்கேஷன், அக்கா தம்பி இருந்தால் அவர்கள் வகுப்பு, மாலையில் குழந்தையை வாங்கிக்கொள்பவர்கள் இருவரின் பெயரும் எண்ணும், வலிப்பு, ஆஸ்துமா, ஒவ்வாமை ஏதாவது இருக்கிறதா என்பது. எழுதிய முகவரியை நம்பக் கூடாது. "காளியம்மன் கோயில் தெரு" எல்லா ஊரிலும் இருக்கிறது.

பத்தாம் வகுப்புக்கு மேல் இருப்பவர்களைத் தனியாகக் குறித்து வைக்க வேண்டும். டவுன் பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் ஆண்டு நடுவில் மாறுகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். சிறப்பு வகுப்பு தொடங்கினால் மாலை வண்டி நேரமும் அவர்களுக்குப் பொருந்தாது.

மே 9, வெள்ளி

ஸ்டாப்பிங். இந்த வேலையில் வருகிற சண்டைகளில் முக்கால்வாசி இதில்தான்.

திருமங்கலத்தில் புறப்பட்டு, திருநகர், திருப்பரங்குன்றம், பசுமலை, பழங்காநத்தம் வழியாக மதுரைக்குள் வரும் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுற்றி வருவதையும் சேர்த்து 22 கிலோமீட்டர். காலை நெரிசலில் ஓட்டம் மட்டும் சுமார் 53 நிமிடம். அதன் மேல் நிறுத்தங்கள். மெயின் ரோட்டில் ஒரு நிறுத்தம் என்றால் வேகம் குறைத்து, கதவு திறந்து, ஏற்றி, கதவு சாத்தி, மறுபடி ரோட்டில் சேர ஒரு நிமிடம். தெருவுக்குள் போய்த் திரும்பினால் மூன்று நிமிடம். மெயின் ரோட்டில் 12, தெருவுக்குள் 6 என்று 18 நிறுத்தம் இருந்தால் நிற்பதற்கே 30 நிமிடம். ஆக 83 நிமிடம். பள்ளி வாசலில் 8.45க்கு நிற்க வேண்டுமானால் முதல் குழந்தை 7.22க்கு ஏற வேண்டும்.

அந்த ஆறு தெருக்களில் மூன்றைப் பக்கத்து நிறுத்தங்களோடு சேர்த்து, மற்ற மூன்றைத் தெருமுனைக்குக் கொண்டுவந்தால் 15 நிறுத்தம். கூட்டமாக ஏறுவதால் இன்னொரு மூன்று நிமிடம் போடலாம். மொத்தம் 71. முதல் குழந்தைக்கு 12 நிமிடத் தூக்கம் மிச்சம். "எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கணும்" என்று கேட்கும் பெற்றோரிடம் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினால் பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். மீதிப் பேர் தலைமையாசிரியரைப் பார்க்கப் போவார்கள், அது வேறு.

இடம் பார்க்கும்போது கவனிக்க: வளைவிலும் பாலத்து இறக்கத்திலும் வேண்டாம். டாஸ்மாக் வாசல் வேண்டாம். மூடாத சாக்கடை ஓரம் வேண்டாம், அக்டோபர் மழையில் ரோடு எது வாய்க்கால் எது என்று தெரியாது. பத்துப் பிள்ளைகள் ரோட்டை விட்டு விலகி நிற்க இடம் இருக்க வேண்டும். ஏறுவதும் இறங்குவதும் வீடு இருக்கும் பக்கமே நடக்க வேண்டும். நடுத்தடுப்புள்ள சாலையில் காலையில் சரியான பக்கம் ஏறும் குழந்தை மாலையில் எதிர்ப் பக்கம் இறங்கும். ஐந்தாம் வகுப்பு வரை உள்ளவர்களை வண்டியில் உதவிக்கு வரும் ஆயாம்மா கையைப் பிடித்துக் கடத்தி விட வேண்டும், அதற்கு ஒரு நிறுத்தத்துக்கு இரண்டு நிமிடம் கூடுதல். இல்லையென்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து இறக்க வேண்டும்.

திருநகரில் முதல் ஸ்டாப், இரண்டாவது ஸ்டாப் என்று எண் வைத்தே ஊர் பேசும். அங்கே அரசு பஸ் நிற்கும் இடத்திலேயே நம் வண்டியும் நின்றால் பின்னால் ஹாரன் அடிப்பார்கள், பிள்ளைகள் பதறுவார்கள். இருபது முப்பது அடி தள்ளி நிறுத்துவது நல்லது.

மே 14, புதன்

காலை போன வழியையே மாலையில் தலைகீழாக ஓட்டுவது எல்லாரும் செய்வது. நேர்கோட்டு ரூட்டில் வேறு வழியும் இல்லை. ஆனால் ரூட் வளையமாக அமைந்தால் மாலையிலும் அதே திசையில் ஓட்டலாம். காலையில் முதலில் ஏறி அதிக நேரம் உட்கார்ந்த குழந்தை மாலையில் முதலில் இறங்கும். தலைகீழாக ஓட்டினால் அதே குழந்தைக்கு இரண்டு வேளையும் தண்டனை. அதே திசை என்றால் ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் ஒன்றாகிவிடும், ரோட்டைக் கடக்கும் தொல்லை இல்லை. புறநகர்க் குடியிருப்புகளில் இப்படி வளையம் அமைக்க இடம் உண்டு. எல்.கே.ஜி. பிள்ளைகளை 45 நிமிடத்துக்கு மேல் உட்கார வைத்தால் தூங்கிவிடும் அல்லது வாந்தி எடுக்கும். ஆயாம்மா பையில் பாலிதீன் பையும் மரத்தூளும் இருக்கட்டும்.

ஒரே வண்டி இரண்டு டிரிப் அடிப்பது செலவைக் குறைக்கும். முதல் டிரிப் பிள்ளைகள் 7.45க்கே பள்ளிக்கு வந்துவிடுவார்கள், இரண்டாவது டிரிப் பிள்ளைகள் மாலை ஐந்து வரை காத்திருப்பார்கள். அந்த நேரத்துக்கு ஓர் ஆசிரியரை எழுத்தில் பொறுப்பாக்காமல் இரண்டு டிரிப் போடவே கூடாது.

மே 17, சனி

கட்டணம். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று போட்டால் கணக்கு இடிக்கும். செலவாவது சீட்டுக்கு. இரண்டு கிலோமீட்டரில் ஏறும் பிள்ளையும் பதினெட்டு கிலோமீட்டரில் ஏறும் பிள்ளையும் அடைப்பது ஒரே ஒரு சீட்டைத்தான்.

மாதிரிக்கு 40 சீட் வண்டி ஒன்று. ஒரு நாளைக்கு, ஷெட்டிலிருந்து வெறும் வண்டியாகப் போவது உட்பட, 60 கி.மீ. ஆண்டுக்கு 210 நாள் என்றால் 12,600 கி.மீ. நின்று நின்று போகும் வண்டி லிட்டருக்கு ஐந்தரைதான் கொடுக்கும். டீசல் 92.50 ரூபாய் என்று வைத்தால் சுமார் 2,12,000. டிரைவர் சம்பளம் மாதம் 18,000, பன்னிரண்டு மாதத்துக்கு 2,16,000. விடுமுறையில் சம்பளம் இல்லை என்றால் நல்ல டிரைவர் ஜூனில் வேறு வண்டியில் இருப்பார். ஆயாம்மாவுக்கு 9,000 வீதம் 1,08,000. இன்சூரன்ஸ் 65,000. டயர், ஆயில், பிரேக், மே மாதப் பாடி வேலை, பெயின்ட் எல்லாம் சேர்த்து ஒரு லட்சம். இதுவரை ஏழு லட்சம். புது வண்டி வாங்க ஒதுக்க வேண்டிய இரண்டு லட்சத்தைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்க்காத பள்ளிகளில்தான் பன்னிரண்டு வருட வண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

ஒன்பது லட்சத்தை 40ஆல் வகுக்கக் கூடாது. ஆண்டு முழுக்க நிரம்புவது 36 சீட் என்று வைத்தால் தலைக்கு 25,000. அதுவே 30 பேர்தான் என்றால் 30,000. ஆறு காலி சீட்டின் விலை மற்ற முப்பது பேர் தலையில் ஐயாயிரம். கண்ட தெருவில் எல்லாம் ரூட் கேட்கும் நிர்வாகத்திடம் காட்ட வேண்டிய எண் இதுதான்.

மூன்று படி போதும். 5 கி.மீ.க்குள் 20,000, 12 வரை 25,000, அதற்கு மேல் 28,500. ஒன்பது, பதின்மூன்று, பதினான்கு பேர் என்று அமர்ந்தால் 9,04,000 வரும். தூரத்தை வீட்டிலிருந்து அளக்காமல் நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கு நேர் சாலையில் அளக்க வேண்டும், வண்டி சுற்றும் தூரத்தை அல்ல. சுற்றுவது நம் வசதிக்கு.

பள்ளி தன் மாணவருக்குத் தரும் போக்குவரத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, ரசீதில் வரி சேர்க்கத் தேவையில்லை. மாதக் கட்டணமாக வாங்கினால் ஏப்ரலில் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள், பருவத்துக்கு ஒரு முறை வாங்குவது மேல். நடுவில் நின்றால் என்ன திரும்பும், மழை விடுமுறைக்குக் கழிவு உண்டா இல்லையா என்பதை ரசீதின் பின்புறமே அச்சடித்துவிடலாம்.

மே 22, வியாழன்

ஆய்வுக் காலம். மாவட்டத்தின் பள்ளி வண்டிகள் எல்லாவற்றையும் ஒரு மைதானத்துக்கு வரச்சொல்லி ஆர்.டி.ஓ. அலுவலகம், போலீஸ், கல்வித்துறை மூன்றும் சேர்ந்து பார்ப்பார்கள். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி ஓடும் பள்ளிப் பேருந்தின் தளத்து ஓட்டை வழியாக விழுந்து இறந்த பிறகு, அதே ஆண்டு தமிழ்நாடு அரசு பள்ளி வாகனங்களுக்குச் சிறப்பு விதிகள் கொண்டுவந்தது. அதற்கு முன்பே 1997இல் உச்ச நீதிமன்றம் மஞ்சள் நிறம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, ஜன்னல் கம்பி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், உதவியாளர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

அதனால் முதலில் பார்ப்பது தளம். ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற வண்டியில் மேட்டுக்குக் கீழே ஈரம் தங்கி பிளைவுட் உளுத்துப்போகும், மேலே ஒன்றும் தெரியாது. சக்கரத்துக்கு மேலும் படிக்கட்டு ஓரமும் குதிகாலால் அழுத்தினால் அமுங்கும் இடம் தெரிந்துவிடும். மேலே தகடு அடித்து மூடுவது ஏமாற்று வேலை, பலகையை மாற்றித்தான் ஆக வேண்டும்.

அடுத்து அவசர வழி. உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்க வேண்டும். ஆண்டு முழுக்கத் தொடாததால் கொண்டி துருப்பிடித்து இறுகியிருக்கும். மாதம் ஒரு முறை திறந்து கிரீஸ் தடவினால் போதும். கூடுதல் சீட் ஒன்றை அதற்கு முன்னால் போட்டுவிடுவதும் நடக்கிறது. தீயணைப்பானில் முள் பச்சையில் இருக்கிறதா, டிரைவர் சீட்டில் இருந்தே கை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும், பைகளுக்கு அடியில் கிடந்தால் இருந்தும் பயனில்லை. முதலுதவிப் பெட்டியில் தேதி முடிந்த மருந்து, எடுத்துப் போன பஞ்சு, இரண்டும் வழக்கமான குறைகள்.

2022 மார்ச்சில் சென்னை ஆழ்வார்திருநகரில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி இரண்டாம் வகுப்புச் சிறுவன் இறந்த பிறகு முன்னும் பின்னும் கேமரா, சென்சார் கட்டாயமாயிற்று. கேமரா இருக்கும், திரை எரியாது. பின்கதவு மடங்கும் இடத்தில் ஒயர் அறுந்திருக்கும், அங்கே வளைகுழாய் போட்டு இழுத்தால் நீடிக்கும். கேமராவை நம்பிப் பின்னால் எடுப்பதைவிட, பிள்ளைகள் இறங்கும் இடத்தில் ரிவர்ஸே இல்லாதபடி வளாகத்தில் வண்டிப் பாதையை ஒருவழியாக்குவது மேல். எடுத்தே தீர வேண்டுமானால் ஆயாம்மா இறங்கி நின்று சொல்ல வேண்டும்.

எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எப்.சி. என்கிற தகுதிச் சான்று ஒவ்வோர் ஆண்டும். இன்சூரன்ஸ், பர்மிட், எப்.சி., புகைச் சான்று நான்கின் கடைசித் தேதியையும் ஒரே தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டிவிடலாம்.

மே 28, புதன்

டிரைவருக்குக் கனரக வண்டி ஓட்டிய ஐந்து வருட அனுபவம் வேண்டும். லைசென்ஸ் அசலைப் பார்க்க வேண்டும், ஜெராக்ஸ் போதாது. கண் பரிசோதனை, போலீஸ் சரிபார்ப்பு இரண்டும் ஆயாம்மாவோடு சேர்த்து. எட்டு வண்டிக்கு ஒரு மாற்று டிரைவர், ஒரு மாற்று வண்டி. டிரைவர் ஊரிலேயே வண்டியை ராத்திரி நிறுத்தி ஹால்ட் போட்டால் வெறும் ஓட்டம் மிச்சம். ஆனால் ராத்திரியில் டீசல் திருடுபோகும் ஆபத்தும், ஞாயிற்றுக்கிழமை கல்யாண டிரிப் அடிக்கும் ஆபத்தும் உண்டு. ஓடிய கிலோமீட்டரைச் சனி மாலையும் திங்கள் காலையும் எழுதினால் பிடிபடும்.

ஆயாம்மாவுக்கு டிரிப் ஷீட். பெயர், வகுப்பு, நிறுத்தம், காலைக் கட்டம், மாலைக் கட்டம். மாலையில் வாங்க ஆள் வராத எல்.கே.ஜி. குழந்தையை இறக்கவே கூடாது. ரூட்டை முடித்துவிட்டு, போன் செய்து, பள்ளிக்கே திரும்பக் கொண்டுவர வேண்டும். கடைசி நிறுத்தம் முடிந்ததும் கடைசி சீட் வரை நடந்து, குனிந்து, சீட்டுக்கு அடியிலும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. ஜன்னலை மூடி வெயிலில் நிற்கும் வண்டிக்குள் தூங்கும் குழந்தையை மறந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மே 31, சனி

வெள்ளோட்டம். விடுமுறையில் ஓட்டிப் பார்க்கும் நேரம் பொய் நேரம், அதோடு பத்து, பன்னிரண்டு நிமிடம் சேர்க்க வேண்டும். திருமங்கலம் ரயில்வே கேட் மாதிரி இடங்களில் ரயில் நேரத்தையும் பார்த்து எழுத வேண்டும். மரக்கிளை, தாழ்ந்த கேபிள் ஒயர், தோண்டிப் போட்ட பாதாளச் சாக்கடைப் பள்ளம் மூன்றையும் குறித்துக்கொள்ள இந்த ஓட்டம் உதவும்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறப்பு. முதல் வாரம் எல்லா வண்டியும் தாமதமாகத்தான் வரும். அழும் குழந்தைக்கு மூன்று நிமிடம், போட்டோ எடுக்கும் அப்பாவுக்கு இரண்டு. இந்த வார நேரத்தைப் பார்த்து அட்டவணையை மாற்றக் கூடாது.

ஜூன் 11, புதன்

பள்ளி வண்டி வராத பகுதியில் பெற்றோர் சேர்ந்து தனியார் வேன் பேசுகிறார்கள். நம்பர் பிளேட் மஞ்சளா என்று முதலில் பார்க்க வேண்டும். வெள்ளை பிளேட் சொந்த உபயோக வண்டி, கட்டணம் வாங்கி ஆள் ஏற்ற அதற்கு அனுமதியில்லை, விபத்தில் இன்சூரன்ஸ் கைவிரிக்கும். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண் போட்டால் எப்.சி., இன்சூரன்ஸ் தேதிகள் தெரியும். ஆம்னி வேனில் கேஸ் சிலிண்டர் மேல் பலகை போட்டு உட்கார வைத்திருந்தால் பேச்சையே நிறுத்திவிடலாம். எத்தனை பிள்ளை ஏறும் என்பதையும், வண்டி நின்றுபோனால் மாற்று வண்டி யாருடையது என்பதையும், மே மாதத்துக்குப் பணம் உண்டா என்பதையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பேசும்போது எட்டுப் பேர் என்பார்கள், ஆகஸ்டில் பதினாலு ஆகியிருக்கும்.

ஜூன் 26, வியாழன்

டிரிப் ஷீட்டுகளைக் கூட்டிப் பார்க்கும் நாள். நேர அட்டவணையை இப்போதுதான் திருத்த வேண்டும், அதுவும் ஒரே முறை. வாரா வாரம் ஐந்து நிமிடம் மாற்றினால் யாரும் எதையும் நம்ப மாட்டார்கள். வண்டி நிறுத்தத்தில் காத்திருப்பது ஒரு நிமிடம் என்றால் ஒரு நிமிடம்தான். முன்கூட்டியே வந்துவிட்டால் அட்டவணை நேரம் வரை நிற்க வேண்டும், இதை டிரைவர்கள் எளிதில் மறப்பார்கள்.

காலையில் வந்து மாலையில் வராத பிள்ளைகள் சிலர் இருப்பார்கள், டியூஷன், பாட்டி வீடு என்று. அந்தச் சீட்டை வேறு யாருக்கும் விற்க முடியாது என்பதால் ஒரு வேளைக்கு மட்டுமான கட்டணம் பாதியாக இருக்க முடியாது, முக்கால் பங்கு நியாயம்.

ஜூலை 12, சனி

திருப்பரங்குன்றத்தில் 14ஆம் தேதி திங்கள் குடமுழுக்கு. அந்தச் சாலையை நம்பிய ரூட்டுகளுக்கு மாற்று வழியும் மாற்று நிறுத்தமும் இன்று மாலைக்குள் பெற்றோர் குழுவுக்குப் போக வேண்டும். போலீஸ் அறிவிப்பு வந்ததும் அதற்கேற்பத் திருத்தலாம்.

குடமுழுக்கு எப்போதாவது வருவது. முகூர்த்தம் அடிக்கடி வரும். முருகன் தெய்வானையைக் கைப்பிடித்த தலம் என்பதால் ஆவணி, தை முகூர்த்த நாட்களில் கல்யாணக் கூட்டம் சாலை வரை நிற்கும், காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை வண்டி நகராது. போக்குவரத்துப் பொறுப்பாளர் மேசையில் பஞ்சாங்கக் காலண்டர் இருக்கட்டும். முகூர்த்த நாளுக்கு இருபது நிமிடம் முந்திய தனி அட்டவணையை இப்போதே அச்சடித்து ஒட்டினால், அன்று காலை போனில் யாரும் கத்த மாட்டார்கள்.

மழை அட்டவணையும் செப்டம்பருக்குள் தயாராக வேண்டும். கலெக்டரின் விடுமுறை அறிவிப்பு காலை ஆறரை ஏழுக்கு வரும் நாட்களில் தொலைதூர வண்டி ஏற்கெனவே கிளம்பியிருக்கும். ஏறிவிட்ட பிள்ளைகளை அதே வரிசையில் திரும்ப இறக்குவது, அதற்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆயாம்மா போன் செய்வது, எடுக்காதவர் பிள்ளையைப் பள்ளிக்கே கொண்டுவருவது, அன்று பள்ளியில் இருக்கும் ஆள் யார் என்பது: நான்கும் டிரைவர் கையில் உள்ள அட்டையில் அச்சாகியிருக்க வேண்டும்.